தண்ணீருக்கு முன்னே வரும் காற்று: குடிநீர்க் குழாய்களில் ஸ்மார்ட் மீட்டரும் சென்சாரும்

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் 'புஸ்'ஸென்று காற்று வருவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊர்களில் அதுதான் மணியோசை. "தண்ணி வரப்போகுது, குடத்தை எடு" என்று வீட்டில் குரல் கேட்கும். குடம் குழாயடிக்குப் போய்ச் சேரும் வரை காற்று மட்டுமே வரும். பிறகு கலங்கலாகக் கொஞ்சம், அதன் பிறகு நல்ல தண்ணீர்.

அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது? மீட்டர் பொருத்திய வீடானால் மீட்டர் வழியாகத்தான். மீட்டருக்குள் இருக்கும் சிறு சக்கரத்துக்குத் தன்னைத் தள்ளுவது தண்ணீரா காற்றா என்று தெரியாது. தள்ளினால் சுற்றும்; சுற்றினால் எண் ஏறும்.

மாணவ நண்பர்களே, இந்தச் சின்ன விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்குவோம். ஸ்மார்ட் மீட்டர், சென்சார், ஐ.ஓ.டி. என்ற சொற்கள் இப்போது நகராட்சி டெண்டர்களிலும் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சிவில் மாணவர்கள் "இது எலக்ட்ரானிக்ஸ் சமாச்சாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களோ குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமலே சர்க்யூட் போட்டுவிடுகிறார்கள். இரு துறையினரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் இது. குழாயில் எப்போதும் அழுத்தம் இல்லாத ஊரில், எவ்வளவு விலையுயர்ந்த மீட்டரும் பாதி உண்மையைத்தான் சொல்லும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

(தமிழில் கருவிக்கும் மீட்டர், நீளத்துக்கும் மீட்டர். குழப்பம் வேண்டாமென்று கருவியை 'மீட்டர்' என்றும் நீளத்தை 'மீ.' என்றும் எழுதுகிறேன்.)

மீட்டர் எப்படி அளக்கிறது?

வீடுகளில் பழைய நாள் முதல் இருப்பது மல்ட்டி-ஜெட் வகை. பல சிறு துளைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. சுற்றுகளைப் பல்சக்கரங்கள் எண்ணுகின்றன. இதன் மேல் ஒரு காந்தமும் ரீட் சுவிட்சும் வைத்து, இத்தனை லிட்டருக்கு ஒரு பல்ஸ் என்று எடுத்து ரேடியோவில் அனுப்பினால் அதையும் 'ஸ்மார்ட்' என்று விற்கிறார்கள். தவறில்லை. ஆனால் அளப்பது அதே பழைய சக்கரம்தான் என்பதை மறக்கக்கூடாது.

புதிய வகை அல்ட்ராசோனிக். இதில் அசையும் பாகமே கிடையாது. இரண்டு ஒலியுணரிகள் எதிரும் புதிருமாக ஒலியை அனுப்பிக்கொள்கின்றன. நீரோட்டத்தோடு போகும் ஒலி கொஞ்சம் சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போகும் ஒலி கொஞ்சம் தாமதமாகச் சேரும். அந்தக் கால வித்தியாசத்திலிருந்து வேகம் கிடைக்கிறது. எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒலி செல்லும் பாதை 70 மி.மீ., நீரின் வேகம் நொடிக்கு 1 மீ., நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1480 மீ. என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால் சுமார் 64 நானோ நொடி வரும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டு, அதில் 64 பங்கு! பாட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி இதை வருடக்கணக்கில் அளந்துகொண்டிருக்கிறது என்பது எலக்ட்ரானிக்ஸ் துறை பெருமைப்பட வேண்டிய விஷயம்.

பெரிய குழாய்களுக்கு மின்காந்த மீட்டர் போடுவார்கள். ஃபாரடே 1831-ல் கண்ட தூண்டல் விதிதான் அடிப்படை. காந்தப் புலத்தின் குறுக்கே கடத்தியான தண்ணீர் ஓடினால் அதில் மின்னழுத்தம் தோன்றும். வேகம் கூடினால் அதுவும் கூடும்.

மீட்டரின் முகப்பில் கியூ3, ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். தேர்வுக்கு மட்டுமின்றி வாழ்க்கைக்கும் உதவும் எண்கள் இவை. கியூ3 என்பது மீட்டர் இயல்பாகத் தாங்கும் ஓட்டம். அதை ஆர்-ஆல் வகுத்தால் கியூ1 வரும். மீட்டர் ஓரளவு நம்பகமாக அளக்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஓட்டம் அதுதான். கியூ3 மணிக்கு 2500 லிட்டர், ஆர் 80 என்றால் கியூ1 மணிக்கு சுமார் 31 லிட்டர். ஆர் 160 என்றால் சுமார் 16 லிட்டர். கழிவறைத் தொட்டியில் வாஷர் தேய்ந்து மணிக்கு 10 லிட்டர் கசிகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 240 லிட்டர். ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று நாம் வடிவமைப்பில் எடுக்கிறோமே, அந்தக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீர். இவ்வளவு போயும், தேய்ந்த பழைய மீட்டரில் சக்கரம் அசையாமலே இருக்கலாம்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு துணையும் உண்டு: சம்ப்பிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் இருக்கும் பால் வால்வு. தொட்டி நிறைய நிறைய அது மெதுவாக மூடும். கடைசி நேரத்தில் நூல் போலத்தான் தண்ணீர் ஓடும். அந்த நூலை மீட்டர் பார்ப்பதில்லை. தண்ணீர் போகிறது, கணக்கு ஏறவில்லை. முதலில் சொன்ன காற்று விஷயத்தில் தண்ணீர் போகாமலே கணக்கு ஏறுகிறது. ஒன்று குடும்பத்துக்கு நஷ்டம், மற்றொன்று ஊருக்கு நஷ்டம். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேட்டுத் தெருவில் குடியிருப்பவருக்குக் காற்று அதிகம், தண்ணீர் குறைவு. பள்ளத்துத் தெருவில் சம்ப் கட்டியவருக்கு நேர்மாறு. சராசரி பார்த்தால் சரியாகத் தெரியும். பில் சராசரிக்குப் போவதில்லை, வீட்டுக்குத்தான் போகிறது.

அல்ட்ராசோனிக் மீட்டர் போட்டால் காற்றுப் பிரச்சினை தீருமா? பெரும்பாலும் தீரும். குழாய் காலியாக இருந்தால் ஒலி எதிர்ப்பக்கம் சரியாகச் சேராது. மீட்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டு 'குழாய் காலி' என்று குறிப்பு அனுப்பும். ஆனால் காற்றும் நீரும் கலந்து நுரையாக வரும் அந்தச் சில நிமிடங்களில் அதுவும் தடுமாறும். சரியான வைத்தியம் குழாயின் மேட்டுப் பகுதிகளில் ஏர் வால்வு வைப்பதும், அவை வேலை செய்கின்றனவா என்று வருடா வருடம் பார்ப்பதும்தான். ஏர் வால்வின் விலை மீட்டர் திட்டத்தின் விலையில் ஒரு தூசு. அதனாலோ என்னவோ அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காணாமல் போகும் தண்ணீர்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து விட்ட தண்ணீருக்கும் பில் போட்ட தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை 'வருவாயில்லா நீர்' என்கிறோம். உலக நீர்ச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கணக்கு முறையை வகுத்துத் தந்தது. அதன்படி இழப்பு இருவகை. நிலத்துக்குள் உண்மையாகவே ஒழுகிப் போவது ஒன்று. மீட்டர் பிழை, திருட்டு இணைப்பு, பதிவேட்டுத் தவறு இவற்றால் கணக்கில் மட்டும் காணாமல் போவது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "நாற்பது சதவீதம் லீக்கேஜ்" என்று ஒரே வார்த்தையில் சொல்லும் பழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள். ஒழுகுவதை நிறுத்த மண்வெட்டி வேண்டும். கணக்கில் போவதை நிறுத்த மண்வெட்டி உதவாது.

பிரிப்பது எப்படி? ஊரை முதலில் சிறு வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். 500 முதல் 3000 இணைப்புகள் வரை ஒரு வட்டாரம். எல்லைகளில் வால்வை மூடி, தண்ணீர் உள்ளே வரும் வழியில் ஒரே ஒரு பெரிய மீட்டர். இங்கிலாந்தில் 1980-களிலேயே இந்த முறை வேரூன்றிவிட்டது. பிறகு இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை அந்த மீட்டரைப் பார்க்க வேண்டும். ஊர் தூங்கும், பொத்தல் தூங்காது.

ஒரு கணக்கு போடுவோம். 1000 இணைப்புகள் உள்ள வட்டாரம். நள்ளிரவில் மணிக்கு 9 கன மீ. உள்ளே போகிறது. தூக்கத்தில் எழுந்து தண்ணீர் புழங்குபவர்களுக்காக இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் கழித்தால் 2 கன மீ. போகும். மீதி 7 கன மீ. ஒழுகல். பகலில் எல்லோரும் புழங்குவதால் அழுத்தம் குறைந்து ஒழுகலும் குறையும். ஆகவே 24-க்குப் பதில் 20-ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 140 கன மீ. பதினைந்து லிட்டர் குடத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடங்கள்! இதைக் கண்டுபிடிக்க ஆயிரம் ஸ்மார்ட் மீட்டர் தேவைப்படவில்லை. ஒரே ஒரு மீட்டரும் ஓர் இரவும் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை. இரவு 2 மணிக்குக் குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை காலை 6-லிருந்து 8 வரை விடும் ஊரில் நள்ளிரவு ஓட்டம் என்று எதை அளப்பது? விடும் இரண்டு மணி நேரமும் எல்லாக் குழாயும் திறந்தே கிடக்கும். எது ஒழுகல், எது புழக்கம் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் பிரிக்க முடியாது.

ஒரு பொத்தலின் கதை

ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் ஆரிஃபிஸ் சூத்திரம் படித்திருப்பீர்கள். அதை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்டவர்களுக்கு இதோ பதில். குழாயில் 6 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. அழுத்தம் 15 மீ. உயரம். குணகம் 0.6. ஓட்டம் நொடிக்கு சுமார் 0.29 லிட்டர் வரும். சாதாரணம்போல் தெரிகிறதல்லவா? நாளொன்றுக்கு 25,000 லிட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் சுமார் 17,800. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்க மூலத்துக்கு ஏற்ப மாறும் என்பது இந்தச் சூத்திரம். பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விரிசல் என்றால் அழுத்தம் கூடும்போது விரிசலே வாய் பிளக்கும், ஆகவே ஓட்டம் இன்னும் வேகமாகக் கூடும்.

இதே துளை, இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் இருந்தால்? ஏறக்குறைய 2,100 லிட்டர்தான் போகும். யாருக்கும் தெரியாது, சாலை நனையாது, புகார் வராது. நாளைக்கு அதே ஊரில் "இனி 24 மணி நேரமும் குடிநீர்" என்று அறிவித்து வால்வைத் திறந்து வைத்தால், அன்று முதல் அந்தப் பொத்தல் பன்னிரண்டு மடங்கு குடிக்கும். ஆகவே மீட்டர் மாற்றுவது, குழாய் மாற்றுவது, நாள் முழுதும் அழுத்தம் கொடுப்பது மூன்றும் கைகோத்துப் போக வேண்டும். கோவை மாநகராட்சி 2018-ல் பிரெஞ்சு நிறுவனமான சூயஸோடு 26 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. பழைய மாநகர எல்லைக்குட்பட்ட 60 வார்டுகளில் சுமார் 1.5 இலட்சம் இணைப்புகளுக்கு 24 மணி நேர வழங்கல் என்பது இலக்கு. ஒரு தனியார் நிறுவனத்திடம் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று அப்போது எழுந்த விவாதம் நியாயமான விவாதம். அது வேறு கட்டுரைக்கு உரியது. பொறியியல் மாணவர் கவனிக்க வேண்டியது, ஏற்கெனவே புதைந்து கிடக்கும் குழாய் வலையையே திருத்தியாக வேண்டியிருப்பதைத்தான். மீட்டர் அதற்குப் பிறகு வரும் சமாச்சாரம்.

அழுத்தம் இல்லாத குழாயில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தியதும் மேட்டிலிருப்பது பள்ளத்துக்கு வடிகிறது. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. சிலர் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், வெற்றிடம் கூடுகிறது. எந்தப் பொத்தல் வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ அதே பொத்தல் வழியாகப் பக்கத்திலிருக்கும் சாக்கடை உள்ளே வருகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேர வழங்கல் 2008-ல் வந்தது. மற்ற வார்டுகளுக்கு விட்டுவிட்டுத்தான். ஒரே ஊர், ஒரே தண்ணீர், இரண்டு முறை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைக்குமா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, விட்டுவிட்டு வரும் பகுதிக் குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் சுமார் 32 சதவீதத்தில் ஈ-கோலை கிருமி இருந்தது. தொடர்ந்து வரும் பகுதியில் ஒரு சதவீதம்கூட இல்லை.

இப்போது குளோரின் சென்சாரைப் பற்றி யோசியுங்கள். குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. சென்சாரை வசதியாக மேல்நிலைத் தொட்டியருகே வைத்துவிட்டு, திரையில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்திப்படலாம். அசுத்தம் கலப்பது கடைசித் தெருவில். அங்கே வைத்தாலோ, தண்ணீர் வராத நாட்களில் சென்சாரின் சவ்வு காய்ந்துபோகும், அளவு நழுவும். அடிக்கடி சுத்தம் செய்து, தெரிந்த கரைசலை வைத்துச் சரிபார்க்க ஆள் வேண்டும். கடைசித் தெருக் குழாயில் வாரம் ஒருமுறை சோதனைக் குப்பியில் நிறம் பார்த்து எழுதிவைக்கும் ஊழியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பராமரிப்பில்லாத சென்சாரை வைப்பது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

குழாய்க்குக் காது வைத்தல்

அழுத்தம் நாள் முழுதும் இருக்கும் ஊரில் சென்சார்கள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. அந்த நாட்டின் தண்ணீரில் ஒரு பகுதி ஜொகூரிலிருந்து, 1962-ல் செய்த ஒப்பந்தத்தின்படி வருகிறது. ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. ஒவ்வொரு சொட்டையும் எண்ண வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. பொதுப் பயனீட்டுக் கழகமும், சிங்கப்பூர்-எம்.ஐ.டி. கூட்டு ஆய்வு மையமும், நன்யாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2008-ல் 'வாட்டர்வைஸ்' என்ற ஆய்வைத் தொடங்கின. குழாய்களில் ஆங்காங்கே அழுத்த உணரிகளை வைத்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள்.

ஏன் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை? பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதாதா? ஜூக்கோவ்ஸ்கி 1898-ல் எழுதிய சமன்பாடு விடை சொல்லும். ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம், அடர்த்தி பெருக்கல் அலை வேகம் பெருக்கல் வேக மாற்றம் அளவுக்கு ஏறும். அலை வேகம் நொடிக்கு 1000 மீ., நீரின் வேகம் 1 மீ. குறைந்தால், உயர்வு 10 பார். அதாவது 100 மீ. உயர நீர்! ஒரு கண நேரம்தான். வந்த சுவடு தெரியாமல் போய்விடும், குழாய் மட்டும் மூட்டுவிட்டிருக்கும். பம்ப் ஆபரேட்டர் வால்வைப் படாரென்று மூடினாரா, கரண்ட் போய் மோட்டார் நின்றதா என்பதை வேகமான சென்சார்தான் காட்டிக்கொடுக்கும். குழாய் வெடித்தாலும் இதேபோல் ஓர் அலை இரு பக்கமும் ஓடும். இரண்டு சென்சார்களுக்கு அது வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் குறிக்கலாம்.

சிறு கசிவுகளுக்கும் இதே தந்திரம்தான்; அலைக்குப் பதில் ஒழுகும் இரைச்சல். இரண்டு வால்வுகளில் ஒலியுணரிகள். இடையே 100 மீ. இரைச்சல் ஒன்றுக்கு 20 மில்லி நொடி முன்னதாகச் சேர்கிறது. குழாய் இரும்பு, ஒலி வேகம் நொடிக்கு 1200 மீ. என்றால், 100-லிருந்து 24-ஐக் கழித்து இரண்டால் வகுக்க, முன்னதாகக் கேட்ட சென்சாரிலிருந்து 38 மீ. தூரத்தில் தோண்டலாம். ஆனால் பதிவேட்டில் இரும்பு என்றிருந்து, நடுவில் யாரோ பி.வி.சி. குழாயாக மாற்றியிருந்தால்? பிளாஸ்டிக்கில் வேகம் மிகவும் குறைவு. முழுதும் பிளாஸ்டிக், வேகம் 400 மீ. என்று எடுத்தால் விடை 46 மீ. எட்டு மீ. தள்ளி ஒரு வெற்றுக் குழி, திட்டு வாங்குவது சென்சார். எந்தத் தெருவில் எந்த ஆண்டு என்ன குழாய் புதைத்தார்கள் என்பது பல ஊர்களில் வயதான ஃபிட்டர் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்குள் அவரோடு தெருத்தெருவாக நடந்து வரைபடம் போட்டு வாங்குவது ஒரு நல்ல புராஜெக்ட்.

சிங்கப்பூரில் வீட்டு ஸ்மார்ட் மீட்டர் இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. முதல் கட்டம் 3 இலட்சம் மீட்டர்கள் என்று திட்டமிட்டு, 2020-களில்தான் பொருத்தத் தொடங்கினார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

பாட்டரி என்ற எஜமானன்

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 8.5 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் பாட்டரி. தூங்கும்போது சாதனம் 20 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது. ஆண்டுக்கு 175 மில்லி ஆம்பியர்-மணி. ஒருமுறை செய்தி அனுப்ப 50 மில்லி ஆம்பியர், 5 நொடி. நாளுக்கு ஒருமுறை அனுப்பினால் ஆண்டுக்கு 25 மில்லி ஆம்பியர்-மணிதான். காகிதத்தில் நாற்பது ஆண்டுகூட வரும்; பாட்டரி தானாகவே இறங்குவதால் நிஜத்தில் அவ்வளவு வராது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் 2,400-க்கு மேல் போகும், மூன்றேகால் ஆண்டில் பாட்டரி காலி. ஒரு இலட்சம் வீடுகளில் மூன்று ஆண்டுக்கொருமுறை பாட்டரி மாற்ற யார் போவது? ஆகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து உள்ளேயே சேமித்து, நாளுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புவதே புத்திசாலித்தனம். லோரா, என்.பி. ஐ.ஓ.டி. எதுவானாலும் இதே கதைதான்.

அடுத்தது மீட்டர் குழி. சாலையோரம் இரும்பு மூடி, உள்ளே மழைத் தண்ணீர். ரேடியோ அலைக்கு இரண்டும் விரோதி. ஆய்வுக்கூட மேசையில் இரண்டு கிலோ மீ. போன சிக்னல், குழிக்குள் போனதும் எதிர்வீட்டைத் தாண்டாது. இரும்பு மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பித்தளை உடல் மீட்டர் என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் அபாயமும் இருக்கிறது.

பூட்டும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் மருச்சி பகுதியில் 2000-ஆம் ஆண்டு, கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர் ரேடியோ வழியாகக் கழிவுநீர் பம்ப் நிலையங்களுக்குப் பொய்க் கட்டளை அனுப்பினார். சுமார் 8 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீரோடைகளிலும் பாய்ந்தது. மணிக்கு மணி மீட்டர் கணக்கு வெளியே கசிந்தால் எந்த வீட்டில் ஆள் இல்லை என்பதும் கசிந்துவிடும். 'அட்மின்' என்பதையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் புராஜெக்ட்டோடு முடியட்டும்.

தூரத்திலிருந்து மூடும் வால்வு

சில ஸ்மார்ட் மீட்டர்களில் ஒரு குட்டி வால்வும் சேர்ந்தே வருகிறது. அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால் வீட்டில் தண்ணீர் நிற்கும். விற்பனையாளர் இதைச் சிறப்பம்சமாகச் சொல்வார். இதற்கு முன்னோடியான ஒரு வழக்கை ஒவ்வொரு குடிநீர்ப் பொறியாளரும் தெரிந்திருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி சொவேட்டோ பகுதிக்கு அனுப்பிய தண்ணீரில் முக்கால் பங்கு கணக்கில் வரவில்லை. அரித்துப்போன பழைய குழாய்கள், வீடுகளில் மீட்டர் கிடையாது, ஒரே மாதக் கட்டணம். மாநகராட்சி குழாய்களைச் செப்பனிட்டது. கூடவே பிரி என்ற பகுதியில் தொடங்கி முன்பணம் செலுத்தும் மீட்டர்களைப் பொருத்தியது. மாதம் இணைப்புக்கு 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்ததும் மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். நாளுக்கு 200 லிட்டர். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 25. ஒரே மனைக்குள் பின்கட்டில் குடிசை போட்டு இன்னும் பலர் வாழும் பகுதி அது. மாதக் கடைசியில் தண்ணீர் நின்றது.

குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-ல் உயர் நீதிமன்றம் அந்த மீட்டர் முறை சட்டவிரோதம் என்றும் ஆளுக்கு 50 லிட்டர் தர வேண்டும் என்றும் சொன்னது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 லிட்டராக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் இரண்டையும் தள்ளி, மாநகராட்சியின் கொள்கை நியாயமானதே, மீட்டரும் சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது.

சட்டம் அப்படி. பொறியாளரின் மேசையில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நிலத்தடியில், வீட்டுக்குள்ளே போகும் குழாயில் கசிவு என்றால், குடும்பம் குடிக்காமலே 6,000 லிட்டர் தீர்ந்துவிடும். மீட்டருக்கு ஒழுகியதும் குடித்ததும் ஒன்றுதான். ஆகவே வால்வு வைத்த மீட்டரை நீங்கள் என்றாவது பரிந்துரைத்தால், முழுதாக மூடாமல் குடிக்கவும் சமைக்கவும் போதுமான நூல் ஓட்டம் விடும் அமைப்பைக் கேளுங்கள். மீட்டர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் வீட்டுக்காரருக்குச் சொல்லும் ஏற்பாட்டையும் கேளுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு மணிகூட ஓட்டம் பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால் அநேகமாக வீட்டில் கசிவுதான். இந்த ஒரு குறுஞ்செய்திக்காகவே ஸ்மார்ட் மீட்டரை நான் வரவேற்பேன்.

விடுதியில் ஒரு செய்முறை

சென்சார் வாங்கக் காசில்லை என்பவர்களுக்கு: விடுதி மொட்டைமாடித் தொட்டியே போதும். இரவு 11 மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று வாட்ச்மேனிடம் உறுதி செய்துகொண்டு, தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். அதிகாலை 5 மணிக்கு மறுபடி பாருங்கள். தொட்டி 3 மீ.க்கு 2 மீ., மட்டம் 12 செ.மீ. இறங்கியிருந்தால் போனது 720 லிட்டர். இரவில் கழிவறை போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் கோடு போடச் சொல்லியிருந்தால், 40 கோடு, ஆளுக்கு 10 லிட்டர், 400 லிட்டர் கழியும். மிச்சம் 320 லிட்டர் ஆறு மணி நேரத்தில், நாளொன்றுக்கு 1,280.

எந்தக் கழிவறை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஃப்ளஷ் தொட்டியிலும் கொஞ்சம் நீலப் பேனா மையை ஊற்றி, கதவில் 'உபயோகிக்காதீர்' என்று எழுதி ஒட்டிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். கீழே பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் அதன் வாஷரை மாற்றுங்கள். மறுநாள் இரவு 11 மணிக்கு மறுபடி மட்டம் குறித்து, இரண்டு இரவுக் கணக்கையும் வார்டனிடம் கொடுங்கள்.